வழிநடையும் கதைநடையும்

கதை கூறுவோர் எக்காலத்தவராயினும் அவர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. பெருநிகழ்ச்சி ஒன்று முடிந்து அடுத்த பெருநிகழ்ச்சி தொடங்குமுன், கதை கடந்தாக வேண்டிய நிலப்பரப்பு இடையே கிடக்கின்றது. மாந்தர் ஓர் ஊரினின்றும் மற்றோர் ஊர்க்குச் செல்லுதல் வேண்டும். போன ஓலைக்கு மறுமொழி வருந்துணையும் காத்திருத்தல் வேண்டும். குடிவழியும் பழம்பகையும் படிப்பார்க்கு அறிவிக்கப்படுதல் வேண்டும். இவற்றைச் சொல்லாது விட்டால் பின்வரும் நிகழ்ச்சிகள் விளங்கா. சொல்லப் புகுந்தாலோ படிப்பவர் ஏட்டைப் புரட்டத் தொடங்குவர். இத்தகைய இடங்களைத் தொய்வுப் பகுதிகள் என ஈண்டுக் குறிப்போம். அவற்றுள் பழமையானது வழிநடை. அதனையே சிறப்பாகக் கொண்டு, தமிழ்க் கதையாசிரியர் தொய்வினை எவ்வாறு கையாண்டனர் என்பதை ஒருவாறு வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சி வெறும் நயம் பாராட்டல் அன்று. நெடுங்கதைகளைச் சுருக்கி வெளியிடுவோர் முதற்கண் வெட்டுவனவும், மாணவர் முதற்கண் தாண்டிச் செல்வனவும் இப்பகுதிகளே. சிலப்பதிகாரத்தில் நாடுகாண் காதையை விடுத்து அடைக்கலக் காதைக்குத் தாவும் மாணவரை ஆசிரியர் பலரும் அறிவர். வெட்டத்தக்கது எது, வெட்டலாகாதது எது எனத் துணிவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். மேலும், தொய்வினை வெல்லும் கலையைத் தமிழ்க் கதை மேனாட்டு நாவலிடமும் வாரப் பத்திரிகையிடமுமே கற்றது என்னும் கருத்தும் வழங்கி வருகின்றது. இக்கருத்து ஒரு கூற்றளவில் உண்மையே. முழுதும் உண்மை அன்று.

முதற்கண் சிலப்பதிகாரத்தை நோக்குவோம். முப்பது காதைகள் கொண்ட அந்நூலில் நாடுகாண் காதை, காடுகாண் காதை, வேட்டுவ வரி, புறஞ்சேரி இறுத்த காதை ஆகிய நான்கும் புகாரினின்றும் மதுரைப் புறஞ்சேரி வரை செல்லும் வழியிலேயே நிகழ்கின்றன. புகார்க் காண்டம் முடிவதும் மதுரைக் காண்டம் தொடங்குவதும் இவ்வழியின் நடுவிலேயாம். இளங்கோவடிகள் வழியைச் சுருக்க எண்ணியிருப்பின் காண்ட எல்லையை இங்கு வைத்திருத்தல் வேண்டா. புகாரில் ஒன்றை முடித்து மதுரையில் மற்றொன்றைத் தொடங்கியிருக்கலாம்.

கதை முடிவை மறைத்து வைத்துப் படிப்பவரை இழுத்துச் செல்லும் வழியும் இளங்கோவடிகளுக்கு இல்லை. பதிகமே கோவலன் கொலையுண்டதையும் மதுரை எரியுண்டதையும் முன்னரே கூறிவிடுகின்றது. பதிகம் பிற்காலத்தது என்பார் கொள்கையை ஏற்பினும், கண்ணகி வரலாறு கேட்போர் அறியாத ஒன்றாய் இருந்ததில்லை. 'அடுத்து யாது நிகழும்' என்னும் ஆவல் ஒன்றையே நம்பும் ஆசிரியர் இந்நிலையில் வழிநடையை இரண்டு அடிகளில் முடித்திருப்பர். அடிகளோ நான்கு காதைகளுக்கு விரித்தார்.

விரித்த முறை கருதத்தக்கது. புகாரை விட்டுச் சிறிதளவே நடந்த கண்ணகி, மதுரை மூதூர் யாது என வினவுகின்றாள். இன்னும் முப்பது காதம் உளது என்னும் செய்தியைக் கோவலன் அண்மையிலேயே உளதுபோலத் தோன்றக் கூறி நகைக்கின்றான். தொலைவை அறிவிக்க வேண்டிய இடம் இது. புலவர் அதனைத் தாம் கூறாது, நடந்து அறியாத ஒருத்தியின் வினாவாகவும், அவளைத் தேற்ற விழையும் ஒருவனின் நகையாகவும் ஆக்கினார். அந்நகையில் உள்ள அவலம் கேட்போர்க்கு மட்டுமே புலனாகும்; கோவலனுக்குப் புலனாகாது.

அடுத்து, கவுந்தியடிகள் வழியின் ஏதங்களை எடுத்துரைக்கின்றார். கிழங்கு அகழ்ந்த குழிகளைப் பூக்கள் உதிர்ந்து மூடியிருத்தலும், வயல்வரப்பில் நடப்போர் காலடியில் நண்டும் நத்தையும் நசுங்கி உயிர்க்கொலை நேர்தலும் அவர் கூறுவனவற்றுள் அடங்கும். வழியின் இடர்களை முறைப்படுத்திக் கூறுதல் ஆற்றுப்படையின் மரபு. மலைபடுகடாம் 583 அடிகளில் பாதிக்குமேல் இத்தகைய வழிச்செய்திகளே. தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லும் பன்றிக்கு வைத்த பொறியும் அங்கே கூத்தர்க்கு எச்சரிக்கையாகச் சொல்லப்படுகின்றன. ஆற்றுப்படையில் இது தொய்வு ஆகாமைக்குக் காரணம், வழியின் முடிவில் பரிசில் உண்டு என்னும் நம்பிக்கை. வறியவன் ஒருவன் நடக்கின்றான். ஒவ்வோர் இடரும் அவனுக்கும் பரிசிலுக்கும் இடையே நிற்பது. இளங்கோவடிகள் இம்மரபை எடுத்துக்கொண்டு தலைகீழாக்கினார். கவுந்தி கூறும் ஏதம் ஒன்றும் கோவலனைத் தீண்டவில்லை. குழியில் அவன் விழவில்லை; பாம்பு அவனைத் தீண்டவில்லை. கேடு முழுவதும் வழியின் முடிவில், காவலும் நீதியும் உடையதெனப் பெயர் பெற்ற நகரில் காத்திருக்கின்றது. வழியை அஞ்சி நகரை நம்புவோர்க்கும், நகரை அஞ்சி வழியே நீளாதா என ஏங்கும் கேட்போர்க்கும் இடையிலுள்ள இம்முரணே நாடுகாண் காதையைத் தாங்கி நிற்பது. தொய்வு எனத் தோன்றும் நீட்சி இங்கே ஒருவகை இரக்கமாகின்றது.

காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் மூன்று நெறிகளைக் கூறுகின்றான். வலப்பக்கத்து நெறி சிறுமலையை ஒட்டிச் செல்வது. இடப்பக்கத்து நெறி திருமால்குன்றத்தின் பிலத்தையும் மூன்று பொய்கைகளையும் உடையது. இடைநெறியில் மயக்கும் தெய்வம் ஒன்று உண்டு. கதைக்கு வேண்டுவது இவற்றுள் ஒன்றே. ஏனைய இரண்டும் நிலநூற் செய்தி எனத் தள்ளத் தோன்றும். ஆயின் பொய்கைகளில் நீராடிப் பெறும் பேறு எமக்கு வேண்டா எனக் கவுந்தி மறுக்குமிடத்தில் அவர்தம் சமய உறுதி வெளிப்படுகின்றது. இடைநெறியில் கோவலன் நீர் பருகச் செல்லும் பொய்கைக்கரையில் அத்தெய்வம் வசந்தமாலை வடிவு கொண்டு வந்து நிற்கின்றது. வசந்தமாலை யார்? மாதவியின் ஓலையைக் கொணர்ந்து, ஏற்கப்படாது திரும்பியவள். ஆகவே இது வழியில் எதிர்ப்பட்ட வெறும் அற்புதம் அன்று. புகாரில் முடிந்துவிட்டதாக எண்ணிய வழக்கு வழியில் மீண்டும் எழுகின்றது. புறஞ்சேரி இறுத்த காதையில் கோசிகமாணி, வாடிய குருக்கத்திக் கொடியை மாதவி எனக் கருதிப் பேசுவதைக் கோவலன் கேட்க நேர்கின்றது. அதன்வழி மாதவியின் மற்றோர் ஓலை அவன் கையை அடைகின்றது. முன்னர் மறுத்தவன் இப்போது வாங்கிப் படிக்கின்றான். தவறு தன்னது என உணர்கின்றான். அவ்வோலையையே தன் பெற்றோர்க்குக் காட்டுமாறு திருப்பி அனுப்புகின்றான். புகாரை விட்டுப் புறப்பட்ட கோவலன் வேறு; மதுரைக்குள் புகும் கோவலன் வேறு. இம்மாற்றம் நிகழ்தற்கு முப்பது காதம் வேண்டியிருந்தது. இவ்வழியை வெட்டினால் மாறாத கோவலனே கொலையுண்பான். அவன் சாவில் அவலம் பாதியாகக் குறையும்.

கம்பர் மேற்கொண்ட முறை வேறு. தயரதன் மிதிலைக்குச் சென்ற பயணத்தை வான்மீகியார் நான்கு நாள் பயணம் என்று கூறி விரைந்து கடக்கின்றார். கம்பரோ எழுச்சிப் படலம் முதலாக உண்டாட்டுப் படலம் ஈறாகப் பல படலங்களில் மலைக்காட்சியும் பூக்கொய்தலும் நீர்விளையாட்டும் பாடுகின்றார். இங்குக் கதைமாந்தர் ஒருவரும் மாறுவதில்லை. காப்பிய இலக்கணம் வேண்டும் உறுப்புகளை இட்டு நிரப்புதற்கு இப்பயணம் இடமாயிற்று. பாட்டின் இனிமை குறைந்தது எனக் கூறுவார் இலர். ஆயினும் கதை நோக்கில் இது நிற்றலே. மணத்திற்குச் செல்லும் வழி ஆதலின் நிற்றலும் ஒருவாறு பொருந்துகின்றது. விழாவிற்குச் செல்வோர் விரைந்து செல்ல வேண்டுவதில்லை அன்றோ!

உரைநடைக் கதைக்கு வருமுன் விக்கிரமாதித்தன் கதையைக் குறித்தல் வேண்டும். வடமொழி மரபினின்றும் வந்து தமிழ்நாட்டில் ஊர்தோறும் வழங்கிய கதை அது. மன்னன் வேதாளத்தைத் தோளில் சுமந்து நடக்கின்றான். வழிநடை அலுப்புத் தீர வேதாளம் கதை கூறுகின்றது. வழியின் தொய்வைக் கதையால் போக்குதல் என்னும் முறை இங்கே வெளிப்படையாகவே கதைப்பொருளாகி விட்டது. ஆயின் வேதாளத்தின் கதைகள் வெறும் பொழுதுபோக்கு அல்ல. முடிவில் வினா உண்டு. விடை அறிந்தும் வாய் திறவாவிடின் மன்னன் தலை வெடிக்கும். வாய் திறந்தாலோ வேதாளம் மீண்டும் மரத்தில் ஏறிவிடும். கிளைக்கதை ஒவ்வொன்றும் வழியை நீட்டிக்கும் ஆற்றல் உடையது. கிளைக்கதை முதற்கதையோடு இவ்வாறு பிணிக்கப்படுதலும் பிணிக்கப்படாது ஒட்டி நிற்றலும் வெவ்வேறு என்பதைப் பின்வருவதற்காக நினைவிற் கொள்க.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வெளிவந்தது. அக்காலத்தில் சிலப்பதிகாரம் முழுநூலாக அச்சேறவில்லை, உ. வே. சாமிநாதையர் அடியார்க்குநல்லார் உரையுடன் அதனை வெளியிட்டது 1892-இல் ஆகும். ஆகவே முதல் நாவலாசிரியர் கைவசம் இருந்த கதைமரபு, விக்கிரமாதித்தன் கதை போன்றவற்றின் மரபும், சொற்பொழிவின் நடுவே குட்டிக்கதை கூறிக் கேட்போரை விழிக்க வைக்கும் புராணிகர் மரபுமே எனக் கருதுதல் பொருந்தும். முன்சீப்பாய் இருந்தவர் ஆதலின் வழக்குமன்ற நகைச்சுவைக் கதைகளும் அவரிடம் குறைவின்றி இருந்தன. கதை தளரும் இடந்தோறும் அவர் ஒரு குட்டிக்கதையைப் புகுத்துகின்றார். அஃது இல்லாதபோது அறவுரை வருகின்றது. வழக்கறிஞர் தமிழில் வாதாட வேண்டும் என்பது போன்ற பகுதிகளை இன்றும் விரும்பிப் படிக்கின்றோம். ஆயின் பிரதாபனும் ஞானாம்பாளும் அந்நேரத்தில் எங்கே உள்ளனர் என்பதை மறந்துவிடுகின்றோம். கிளைக்கதைகளின் மிகுதியே இந்நாவலின் குறை என்பர். மிகுதி குறையன்று. பிணிப்பின்மையே குறை. ஞானாம்பாள் ஆணுடையில் விக்கிரமாபுரியை ஆளும் பகுதியிலும் அறிவுரை மிகுதியாகவே உள்ளது. ஆயினும் அரசியாக இருப்பவள் உண்மையில் யார் என்னும் மறைவு நீடிப்பதால் அப்பகுதி தளர்வதில்லை. ஒரே ஆசிரியர், ஒரே வகைப் பொருள். பிணிப்பு உண்டாயின் ஓரிடத்தில் சுவை உண்டாகின்றது.

இப்பிணிப்பை முதன்முதல் நன்குணர்ந்த நாவலாசிரியர் பி. ஆர். ராஜம் ஐயர். 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி இதழில் தொடர்ந்து வெளிவந்து 1896-இல் நூலாகிய கமலாம்பாள் சரித்திரத்தை எழுதத் தொடங்கியபோது அவர்க்கு வயது இருபத்தொன்றே. சிறுகுளம் என்னும் சிற்றூரில் நாள்தோறும் நிகழ்வன யாவை? பெண்டிர் கூடி வம்பு பேசுவர்; ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை தம் புலமையைக் காட்டிக்கொண்டிருப்பார். நிகழ்ச்சி ஏதும் இல்லாத பொழுதுகளை நிரப்பும் பொருள்கள் இவை. ஆயின் இந்நாவலுக்கு ஆசிரியர் இட்ட முதற்பெயர் ஆபத்துக்கிடமான அபவாதம் என்பது. அபவாதம் எங்கே பிறக்கின்றது? அவ்வம்புப் பேச்சிலேதான். நகைத்துக்கொண்டே படித்துச் சென்ற வெற்றுப்பேச்சு, பின்னர் ஒரு குடும்பத்தை அலைக்கழிக்கும் ஆற்றலாக வளர்ந்து நிற்கின்றது. தொய்வுப் பகுதிக்கு வெளியிலிருந்து சுவை கொண்டுவந்து ஊட்டாமல், தொய்விலேயே கதையின் விதையை ஊன்றிய முறை இது. நாவலின் பிற்பகுதியில் வேதாந்தம் மிகும்போது இம்முறை கைவிடப்பட்டது என்றே சொல்லுதல் வேண்டும். முத்துசாமி ஐயரின் துன்பம் அவரை ஞானத் தேட்டத்திற்கு உய்ப்பது இயல்பே. ஆயினும் அவர் கேட்கும் உபதேசம் அவருடைய துன்பத்திற்கு விடையாக வருவதினும் ஆசிரியரின் ஆர்வத்திற்கு விடையாகவே வருகின்றது. இவ்வேறுபாட்டைப் படிப்பவர் உடனே உணர்கின்றனர்.

மாதவையாவின் பத்மாவதி சரித்திரமும் (1898, 1899) சீர்திருத்த உரைகளால் இடையிடையே நிற்பதுண்டு. பின்னர் வந்த ஆரணி குப்புசாமி முதலியார், ராஜாம்பாள் (1908) எழுதிய ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோர் மேனாட்டு மர்ம நாவல்களின் உத்தியைக் கையாண்டனர். ஒருவரை இடரில் நிறுத்திவிட்டு, அடுத்த அதிகாரத்தில் மற்றொருவரைத் தொடர்தல் அவ்வுத்தி. இதில் வழிநடை முற்றும் மறைகின்றது. ஒருவர் நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் நாம் வேறோர் இடத்தில் இருப்போம். தொய்வு நீங்கிற்று என்பதில் ஐயமில்லை. வழியில் மாந்தர் மாறுதற்குரிய காலமும் உடன் நீங்கிற்று.

கல்கி இவ்விரு மரபுகளும் கூடும் இடத்தில் நிற்பவர். வார இதழில் தொடர்கதை எழுதியவர் ஆதலின் அதிகார முடிவில் ஆவலை எழுப்பும் உத்தியை அவர் நன்கு பயன்படுத்தினார். அதனை மட்டுமே அவர் பெருமைக்குக் காரணமாகக் கூறுவோர் அவருடைய வழிநடைகளை ஊன்றி நோக்கவில்லை. 1944 முதல் 1946 வரை வெளிவந்த சிவகாமியின் சபதம், பரஞ்சோதி என்னும் இளைஞன் புத்த பிக்கு ஒருவருடன் காஞ்சிக்கு நடந்து செல்வதில் தொடங்குகின்றது. 1950 முதல் 1954 வரை வெளிவந்த பொன்னியின் செல்வன், வந்தியத்தேவன் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் செல்வதில் தொடங்குகின்றது. ஆவலைத் தூண்டுவதே நோக்கமாயின், போர்க்களத்திலோ கொலைக்களத்திலோ தொடங்கியிருக்கலாம் அன்றோ?

ஏரிக்கரைப் பகுதியில் கூறவேண்டுவன பல: ஏரியின் எழுபத்து நான்கு கணவாய்கள், அதனைச் சோழர் வெட்டுவித்த வரலாறு, சோழ நாட்டின் வளம், பழுவேட்டரையரின் செல்வாக்கு. இவை யாவும் பாடப்புத்தகச் செய்திகளாகத்தக்கவை. ஆயின் செல்பவனிடம் ஆதித்த கரிகாலன் தந்த இரண்டு ஓலைகள் உள்ளன; ஒன்று சுந்தர சோழர்க்கு, மற்றொன்று குந்தவைக்கு. வழியில் வீண்சண்டையில் ஈடுபடலாகாது என்பது அவனுக்கு இடப்பட்ட கட்டளை; அவனோ சண்டையை விரும்பும் இளைஞன். பனைக்கொடி பறக்கும் படகுகள் வர, மக்கள் அஞ்சி ஒதுங்கும்போது வந்தியத்தேவன் சினத்தை அடக்கிக்கொள்கின்றான். பழுவேட்டரையரின் அதிகாரம் எத்தகையது என்னும் செய்தியை நாம் அவன் அடக்கிய சினத்தின் வாயிலாக அறிகின்றோம். ஆழ்வார்க்கடியானின் சமயச் சண்டை வெறும் நகைச்சுவைபோல் நுழைகின்றது. அதன் முடிவில் அவன் பல்லக்கில் செல்லும் பெண்ணுக்குச் செய்தி கொண்டுபோகுமாறு கேட்க, நந்தினியைப் பற்றிய முதல் ஐயம் தோன்றுகின்றது.

இதனினும் சிறந்தது கடம்பூர் மாளிகைப் பகுதி. கண்டராதித்தர், அரிஞ்சயர், சுந்தர சோழர் எனச் சோழர் அரியணை ஒருவர்க்குப்பின் ஒருவராகச் சென்ற முறை, கல்வெட்டு ஆராய்ச்சியாளர்க்கே அயர்வு தரும் சிக்கல் உடையது. நீலகண்ட சாஸ்திரியார், சதாசிவப் பண்டாரத்தார் நூல்களில் அதனைப் பன்முறை திரும்பிப் படித்தே தெளிதல் வேண்டும். படிப்பவர் இதனை அறியாவிடின் பொன்னியின் செல்வன் விளங்காது. கல்கி இதனை நள்ளிரவில் கூடிய சதிகாரர் வாயில் வைத்தார். மதுராந்தகனுக்கே அரசுரிமை என நாட்டுதற்குப் பழுவேட்டரையர் குடிவழியை எடுத்துரைக்க வேண்டியவராகின்றார். மறைந்திருந்து கேட்கும் வந்தியத்தேவனுக்கோ ஒவ்வொரு பெயரும் தன் தலைவனின் உயிரோடு தொடர்புடையது. கூறுபவர்க்குக் கூறவேண்டிய தேவையும், கேட்பவர்க்குக் கேட்பதனால் நேரும் அச்சமும் கூடியமையால் குடிவழிப் பட்டியல் நாடகமாயிற்று. அருள்மொழி பின்னர் இராசராசன் ஆவான் என்பதும், ஆதித்த கரிகாலன் கொலையுண்டான் என்பதும் வரலாறு அறிந்தார் யாவர்க்கும் தெரிந்தவையே. முடிவு தெரிந்த கதையை நீட்டும் கலையில் கல்கி இளங்கோவடிகளுக்கு அண்மையில் நிற்கின்றார். இதனைக் கடன் என்று நாம் கூறவில்லை; ஒரே வகை இடர்ப்பாடு ஒத்த வகையான தீர்வை ஈன்றது என்பதே போதும்.

வார இதழின் தேவை கல்கியிடம் வேறொரு விளைவையும் உண்டாக்கிற்று. சென்ற கிழமை படித்ததை மறந்தவர்க்காக முன்நிகழ்ச்சிகளை நினைவூட்டும் பத்திகளை ஆங்காங்கே அவர் அமைத்தல் வேண்டியிருந்தது. அன்று தொய்வைத் தடுத்த அப்பத்திகளே, ஐந்து பாகங்களையும் தொடர்ந்து படிக்கும் இன்றைய வாசகர்க்குத் தொய்வாகின்றன. அதிகார முடிவுகளில் எழுப்பப்படும் திடுக்கீடுகள் சிலவும் அவ்வாறே. அடுத்த பக்கத்திலேயே விடை கிடைப்பதால் அவற்றின் வலிமை கெடுகின்றது. சுருக்கப் பதிப்பாளர் கைவைக்க விரும்பின் இங்கே கைவைக்கலாம். அவர்கள் ஏரிக்கரையை வெட்டுகின்றனர், நினைவூட்டல்களை விட்டுவைக்கின்றனர். இதற்குக் காரணம், ஒரு பகுதி தொய்வா அன்றா என்பதை அதன் பொருளைக் கொண்டு முடிவு செய்தலே. ஏரி, மரம், கோயில் என்றால் வருணனை. வருணனை என்றால் நீக்கலாம் என்பது அவர்தம் கணக்கு.

கல்கிக்குப் பின்னர் எழுதிய சிலர் வழிநடையையே விலக்கினர். சி. சு. செல்லப்பாவின் வாடிவாசல் ஒரே களத்தில், ஒரே நாளின் சல்லிக்கட்டில் அடங்கி நிற்பதால் அங்கே கடக்க வேண்டிய நிலப்பரப்பே இல்லை. நெடிய கதைக்கு இவ்வழி உதவாது. சுந்தர ராமசாமியின் ஒரு புளியமரத்தின் கதை (1966) வேறு நெறியில் சென்றது. அங்கே ஊரின் பழைய வரலாற்றைக் கூறுபவர் தாமோதர ஆசான் என்னும் முதியவர், கேட்போர் இளைஞர்கள். அவர் கூறுவன எவ்வளவு மெய், எவ்வளவு கற்பனை என்னும் ஐயம் தீராமலே இருக்கின்றது. முன்வரலாறு கூறும் பகுதி, கூறுபவனைப் பற்றிய கதையாகவும் அதனால் ஆகிவிடுகின்றது. வேதாளத்தின் கதைமரபு, புராணிகர் மரபு இரண்டின் எச்சங்களும் அவ்வாசானிடம் உளவா என்பது தனியே ஆராயத்தக்கது.